ஆறு வருஷப் பழைய மேட்

பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில், மாங்காய் வியாபாரி அருள்குமாரைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். தொழிலில் சுத்தம், பேச்சில் மரியாதை, மாங்காயைத் தொட்டுப் பார்த்தே எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவான். அவனுக்கு நாக்கில்தான் சனி. அதுவும் எல்லோரிடமும் இல்லை. ஃபோனில் இந்துவிடம் பேசும்போது மட்டும் அந்தச் சனி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்து போடிமெட்டுக்காரி. தேயிலை எஸ்டேட்டை ஒட்டிய புல்மேட்டில் கூடாரம் அடித்து, ஊர் ஊராக வருகிறவர்களை மலையேற்றிக் கூட்டிப்போய்த் தங்கவைப்பது அவள் பிழைப்பு. மூன்று சீசனாக அவளுடைய விருந்தாளிகளுக்கு அருள்குமாரின் மாங்காய் ஷெட்டிலிருந்துதான் மாம்பழப் பெட்டி போகிறது. பெட்டி வந்ததா என்று கேட்க ஆரம்பித்த பேச்சு, மழை பெய்கிறதா, சாப்பிட்டாயிற்றா என்று வளர்ந்து, சீசன் முடிந்த பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நேரில் பார்த்ததில்லை. வீடியோ காலில் பார்த்த முகம்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் நம் ஆளுக்கு நாக்கு ஒரு இடத்தில் நிற்காது.

ஒருநாள் அவள் பேச்சுவாக்கில், நீங்களெல்லாம் காட்டில், வெட்டவெளியில் தங்கியிருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நானுங்களா? நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், நாங்க படுக்காத காடா?" என்று அளந்துவிட்டான். உண்மை என்னவென்றால், பரம்பிக்குளம் செக்போஸ்ட்டைத் தாண்டி அவன் ஒரு அடி வைத்ததில்லை. கோயமுத்தூரில் கல்யாணம் என்றால்கூட முகூர்த்தத்துக்கு முந்தின இரவு வீடு திரும்பி, தன் கட்டிலில், தன் ஃபேனுக்கு அடியில் படுத்துவிட்டு விடியற்காலையில் மறுபடி கிளம்பிப் போகிற ரகம்.

அளந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரமே இந்து, தன் விருந்தாளி ஒருவரைப் பற்றிப் புலம்பினாள். இமயமலையெல்லாம் பார்த்தவன் என்று வழிநெடுகப் பெருமை அடித்துக்கொண்டு வந்தாராம். காலில் ஒரு அட்டை ஏறியதும் கத்திக் கூப்பாடு போட்டு, கடைசியில் அட்டை இருப்பது அவள் குற்றம் என்று அவள்மேலேயே பாய்ந்தாராம். பசித்தவனைப் பொறுத்துக்கொள்வேன், கோபக்காரனைப் பொறுத்துக்கொள்வேன், பீலா விடுகிறவனை மட்டும் எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது என்றாள். அருள்குமார் சட்டென்று, "ஆமாமுங்க, எனக்கும் அந்த மாதிரி ஆளுகளக் கண்டாலே ஆகாதுங்க" என்றான். வேறு என்ன சொல்வான், பாவம்.

அப்புறம்தான் அந்த அழைப்பு வந்தது. ஏப்ரலில் பாலக்காட்டிலிருந்து ஒரு கூட்டம் வருகிறது, அதில் ஒரு இடம் காலி, நீங்களும் வாருங்களேன் என்றாள். கூடாரம், கம்பளி, சோறு எல்லாம் அவள் பொறுப்பு. தரையில் விரித்துப் படுக்கிற ஃபோம் மேட் மட்டும் அவளிடம் இரண்டு கிழிந்து போயிற்றாம், அதனால் அவன் தன்னுடையதைக் கொண்டுவர வேண்டும். காடு காடாகப் படுத்தவரிடம் மேட் இல்லாமலா இருக்கும் என்று சிரித்தாள். "அது ஆறு வருசமா ஒண்ணு வெச்சிருக்கேனுங்க" என்றான் அருள்குமார். ஏன் ஆறு என்று அவனுக்கே தெரியாது. வாயில் வந்தது, விட்டுவிட்டான்.

ஃபோனை வைத்த பிறகுதான் மாட்டிக்கொண்டது அவனுக்குப் புரிந்தது. மலைக்குப் போய் அவளிடம் நேரில் கேட்டுவிடுவது, என்னைக் கட்டிக்கொள்வாயா என்று நேராகவே கேட்டுவிடுவது என்று அவன் பொங்கலிலிருந்தே முடிவுசெய்து வைத்திருந்தான். அக்கா கற்பகத்திடம் சொல்லி அவள் சம்மதத்தையும் வாங்கியாயிற்று. இப்போது இந்து கண்ணில் காட்டக் கூடாது என்று சொன்ன அந்த ஆளாகவே போய் நிற்கப் போகிறான். மேட்டை விரிக்கும்போது குட்டு உடைந்தால் கேள்வியைக் கேட்கக்கூட வாய் இருக்காது.

பாலக்காட்டில் ரோசி என்று ஒருத்தி மலையேறுகிறவர்களுக்கான சாமான் கடை வைத்திருந்தாள். அங்கே போய் நின்றான். மேட்டில் இத்தனை ஜாதியா என்று மலைத்துப் போனான். ஊதிப் படுக்கிறது, சுருட்டுகிறது, விசிறி மாதிரி மடிக்கிறது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தான். மாங்காய்க்காரன் கை எதை எடுத்தாலும் முதலில் கனம்தான் பார்க்கும். பார்க்கப் பெரிதாக இருந்து கையில் கனம் இல்லை என்றால் உள்ளே வறண்ட சரக்கு என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில், கடையிலேயே மிக நல்ல மேட்டைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, இருப்பதிலேயே கனமான உருளை ஒன்றைத் திருப்தியாகக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

ரோசி தலையில் அடித்துக்கொண்டாள். மலையாளமும் தமிழும் கலந்து அவனுக்குப் பாடம் எடுத்தாள். முதுகில் தூக்கிக்கொண்டு ஏறப் போகிற சாமானில் கனம் குறையக் குறையத்தான் மதிப்பு. ஊதுகிற மேட் மெத்தென்று இருக்கும், பைக்குள் கைக்கடக்கமாக அடங்கும், ஆனால் ஒரு முள் போதும், ராத்திரி முழுக்கத் தரையில்தான். ஃபோம் அப்படி இல்லை. குத்தினாலும் கிழித்தாலும் ஃபோம் ஃபோம்தான், தண்ணீரையும் குடிக்காது. பைக்கு வெளியே கட்டிக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை. இந்த மஞ்சள் மேட்டைப் பார், முட்டை அட்டை மாதிரிக் குழி குழியாக இருக்கிறதல்லவா, அந்தக் குழிகள் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும், வெள்ளி பூசிய பக்கம் அதைத் திருப்பி அனுப்பும். குளிரை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு எண் உண்டு, ஏப்ரல் மாதத்துப் போடிமெட்டுக்கு இந்த எண் தாராளம், பனிக்கட்டி மேல் படுப்பதாக இருந்தால் இரண்டு வாங்கிக்கொள் என்றாள்.

அதோடு விட்டாளா? நீ மல்லாந்து படுக்கிறவனா, ஒருக்களித்துப் படுக்கிறவனா என்று கேட்டாள். கடையில் நாலு பேர் நிற்கும்போது ஒரு பெண் இப்படிக் கேட்டால் முதலமடைக்காரனுக்கு முகம் சிவக்காதா? ஒருக்களித்துத்தான் என்று முணுமுணுத்தான். அப்படியானால் இடுப்பெலும்பு தரையில் படக் கூடாது, படுத்துப் பார்க்காமல் வாங்காதே என்று எல்லாவற்றையும் தரையில் விரித்துவிட்டாள். மெல்லிய மேட்டில் இடுப்பு தரையைத் தொட்டது. ஊதிய மேட்டில் புரண்டபோதெல்லாம் கீச்சுக் கீச்சென்று சத்தம். குழி போட்ட மஞ்சள் மேட்டில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ரோசி போய்த் தோளைத் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

எழுந்து உட்கார்ந்ததும் அவன் கேட்ட கேள்வியை, அந்தக் கடை திறந்த நாளிலிருந்து யாரும் அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இதுலயே பழசு இருக்குதுங்களா?"

பழசு இல்லை. புதுசைத்தான் வாங்கி வந்தான். வீட்டில் பிரித்து விரித்தால் கூடமே மஞ்சளாகப் பளபளத்தது. கற்பகம் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். தம்பியைவிட நாலு வயது மூத்தவள், ஷெட்டில் நாற்பது பேரை மேய்ப்பவள், யாராவது வசமாக மாட்டிக்கொண்டால் அவளுக்கு அன்று இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

"கலியாணப் பொண்ணாட்ட மினுமினுங்குது, இதைக் கொண்டுபோயி ஆறு வருசம்னு சொன்னீன்னா அந்தப் புள்ள கைகொட்டிச் சிரிக்கும். எங்கிட்டக் குடு. நாலே நாள்ல கெழடாக்கித் தாரேன்" என்றாள்.

ஆக்கினாள். பங்கனபள்ளியும் அல்போன்சாவும் மலை மாதிரிக் குவிந்து கிடக்கிற நேரம் அது. மாங்காய்க்குக் காம்பு கிள்ளுகிற பெண்கள் உட்காருகிற இடத்தில் மேட்டை விரித்துப் போட்டாள். காம்பில் வடிகிற பாலெல்லாம் குழி குழியாக இறங்கிக் காய்ந்து பழுப்பேறியது. மேலே பழுத்த சரக்கை அடுக்கினாள். மாங்காய் கிரேட் தூக்குகிறவர்களை அதன் மேல் நடக்கச் சொன்னாள். மத்தியானம் அதிலேயே வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடைசியாக ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மூலையில் மூன்று ஓட்டை போட்டு, இது கேம்ப் ஃபயர் பொறி பட்டது, எந்தக் காடு என்று நீயே ஒரு பெயர் வைத்துக்கொள் என்று மடித்துக் கொடுத்தாள். மேட்டைப் பார்த்தால் யாரும் ஆறு வருஷம் என்று சொல்ல மாட்டார்கள். பத்து என்பார்கள். அருள்குமார் மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை மோந்தும் பார்த்தான். ஒரு வாசனையும் இல்லை.

எப்படித் தெரியும்? தையிலிருந்து வைகாசி வரை முதலமடையில் காற்றே மாம்பழம்தான். சட்டை, தலையணை, குடிக்கிற தண்ணீர் வரை அந்த வாசனைதான். அந்த ஊர் மூக்கு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆயிற்று. அக்காளும் தம்பியும் அந்த மேட்டை ஒரு முழுப் பழக்கூடையாக மாற்றிவிட்டு, திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டார்கள்.

உடுமலையிலிருந்து மூணாறு பஸ்ஸில் ஏறியபோதே தொல்லை ஆரம்பித்தது. பழக்கூடைக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார் கண்டக்டர். கூடை எதுவும் இல்லை என்றான். கண்டக்டர் குனிந்து சீட்டுக்கு அடியில் தேடிவிட்டு, நம்பாமல் போனார். முன்சீட்டுப் பெண் ஒருத்தி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மறையூர் தாண்டியதும், குழந்தை கேட்டு அழுகிறது, ஒரே ஒரு பழம் கொடுங்களேன் என்றாள். என்னிடம் ஏதுங்க பழம் என்று இவன் கையை விரித்ததும், இவ்வளவு கஞ்சத்தனம் ஆகாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலமடைக்காரன் என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது என்று அருள்குமார் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டான்.

மூணாறில் இந்துவின் அண்ணன் மாரீஸ்வரன் ஜீப்போடு காத்திருந்தான். பையை வாங்கிப் பின்னால் போட்டவன், ஒரு தடவை மூச்சை இழுத்தான். மேட்டைப் பார்த்தான். ஆளைப் பார்த்தான். வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வழி முழுவதும் மீசைக்கு அடியில் எதையோ அடக்கிக்கொண்டு ஓட்டினான்.

புல்மேட்டுக்கு ஏறுகிற பாதை தொடங்கும் இடத்தில் இந்து நின்றிருந்தாள். வீடியோவில் பார்த்ததைவிட உயரம். வாங்க வாங்க என்று முகம் மலர்ந்து வந்தாள். அருள்குமாருக்கு அப்போதே கேட்டுவிடலாமா என்று இருந்தது. மேலே போகிறவர்களின் சாமானை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சரிபார்ப்பது அவள் வழக்கம், அவன் முறை வந்ததும் மேட்டை இரண்டு கையாலும் விரித்தாள். அவள் மூக்கு லேசாக அசைந்தது. குனிந்து குழிகளைப் பார்த்தாள். பழுப்புக் கறை ஒன்றை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். மூன்று ஓட்டைகளையும் பார்த்தாள்.

"நல்லா உழைச்ச மேட்டுதான்" என்று மடித்துக் கொடுத்துவிட்டு, விறுவிறுவென்று குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

அதற்குப் பிறகு அவள் அவன் பக்கமே வரவில்லை. கூட்டத்தின் முன்னால் அவள் நடந்தாள், கடைசியில் இவன். இவன் வேகமாக நடந்து முன்னால் வந்தால் அவள் காற்று வருகிற பக்கமாக ஒதுங்கி நடந்தாள். வழியில் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி ஆசையாக நீட்டினான். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் கையுறை மாட்டிக்கொண்டாள், அப்படியொன்றும் குளிர் இல்லை. ஃபோனில் அத்தனை சிரிப்பாகப் பேசியவள் இவள்தானா? நேரில் பார்த்ததும் பிடிக்காமல் போய்விட்டதா, இல்லை, கண்டுபிடித்துவிட்டாளா? அருள்குமாருக்கு நடக்கிற கால் இரண்டும் கனத்தது. நெஞ்சு அதைவிடக் கனத்தது.

கனத்த நெஞ்சோடு வாயை மூடிக்கொண்டு வரக் கூடாதா? பாலக்காட்டுக் கூட்டத்தில் லட்சுமிநாராயணன் என்று ஒருவர், கல்பாத்திக்காரர், வங்கி அதிகாரி, எதையும் துருவிக் கேட்கிற மனுஷர். மேட்டில் இருக்கிற ஓட்டை என்ன என்று விசாரித்தார். இது ஆறு வருஷ மேட், முதல் ஓட்டை நெல்லியாம்பதி, இரண்டாவது பரம்பிக்குளம், மூன்றாவது ஓட்டை விழுந்த அன்று கரடி வந்தது என்று இவன் அவிழ்த்துவிட்டான். பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்துக்குள் தீ மூட்ட விடுகிறார்களா என்று அவர் வியந்தார். அப்போது விட்டார்கள் என்றான். முன்னால் போன இந்து திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் நடை கொஞ்சம் மெதுவானது, கேட்டுக்கொண்டுதான் வருகிறாள் என்று தெரிந்தது.

மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. மேட்களை எல்லாம் வெயிலில் விரித்துப் போடச் சொன்னாள் இந்து. லட்சுமிநாராயணன் தன் பையிலிருந்து எடுத்து விரித்தார். அதே மஞ்சள், அதே குழி, அதே வெள்ளி. அருள்குமாருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் கள்ளமில்லாமல் கேட்டார். "இந்த மாடல் இந்த ஜனவரியிலதான் வந்துதுன்னு ரோசி சொன்னா. அது வந்த அன்னிக்கே நான் வாங்கிண்டேன். உமக்கு மட்டும் ஆறு வருஷம் முன்னாடியே கெடச்சுதாக்கும்?"

பதில் சொல்ல நேரமில்லாமல் போனது நல்லதா கெட்டதா தெரியவில்லை, குரங்குகள் வந்துவிட்டன.

சோலைக்குள்ளிருந்து ஒரு பெரும் கூட்டம். சாப்பாட்டுக் கூடை பக்கத்திலேயே இருக்கிறது, பிஸ்கட் இருக்கிறது, வாழைப்பழம் இருக்கிறது. ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வரிசையாக விரித்திருந்த அத்தனை மேட்டையும் தாண்டி, லட்சுமிநாராயணனின் அதே மஞ்சள் மேட்டையும் மிதித்துக் கடந்து, நேராக அருள்குமாரின் மேட்டில் போய் உட்கார்ந்தன. ஒரு தடித்த கடுவன் குரங்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குழி குழியாகக் குனிந்து நக்க ஆரம்பித்தது. குட்டியைக் கட்டிக்கொண்ட ஒரு தாய் மற்ற மூலையைப் பிடித்தது. அருள்குமார் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடினான். கடுவன் பல்லைக் காட்டியது. போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தான். அதற்குள் இரண்டு குரங்குகள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுக்க, மேட் பாதியாகக் கிழிந்தது. கிழிந்த பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு கடுவன் மரத்தில் ஏறிவிட்டது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லட்சுமிநாராயணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூடவே ஏறி வந்திருந்த மாரீஸ்வரன் காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தான். இந்து ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கையுறை போட்ட கைகளைக் கட்டிக்கொண்டு, தள்ளி நின்று, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருள்குமாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மானம் போய்விட்டது, கேள்வி கேட்கிற வாய்ப்பும் அதோடு போய்விட்டது. என்ன இடமுங்க இது, வந்தவர்கள் சாமானுக்குக் காவல் வேண்டாமா என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவன் பக்கம் பேச நாலு பேர் கிடைத்திருப்பார்கள். அவளையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். மரத்தின் மேல் கடுவன் பாதி மேட்டை மடியில் போட்டு, ஒவ்வொரு குழியாக விரலை விட்டு நோண்டிக்கொண்டிருந்தது, காம்பு கிள்ளுகிற பெண்கள்கூட அவ்வளவு கவனமாக உட்கார மாட்டார்கள். நாலு நாள் அக்காளோடு சேர்ந்து இதற்காகப் பட்ட பாடு எல்லாம் ஞாபகம் வந்தது. வந்த கோபம் வயிற்றுக்குள்ளேயே புரண்டு சிரிப்பாக வெளியே வந்துவிட்டது. சிரித்தான். குந்தி உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மற்ற எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான்.

சிரித்து முடித்து எழுந்து, எல்லோரும் கேட்கும்படியாகச் சொன்னான்.

"இது ஆறு வருசமெல்லாம் இல்லீங்க. போன வாரம் வாங்குனது. மாங்கா செட்டுல போட்டு, நாப்பது பேர் மிதிச்சுப் பழசாக்குனோம். ஓட்டையெல்லாம் எங்கக்கா ஊதுபத்தில வெச்சதுங்க. எங்கூட்டுக் கட்டில விட்டு நான் ஒரு ராத்திரி வெளிய படுத்ததில்லீங்க. இவங்ககிட்டப் பெருமைக்குச் சொல்லீட்டேன், அப்புறம் எறங்க வழி தெரியல."

"அப்போ அந்தக் கரடி?" என்று லட்சுமிநாராயணன் ஏமாற்றத்தோடு கேட்டார்.

"அது மட்டும் என்ற சொந்தச் சரக்குங்க" என்றான். மறுபடி ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. இந்து அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

இனிமேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று அருள்குமாருக்குத் தெரிந்துவிட்டது. பொய்யன் என்று தன் வாயாலேயே சொல்லியாயிற்று, அதுவும் அவளிடம் மட்டுமில்லாமல் ஊர் கூட்டி. வருத்தமாக இருந்தது, ரொம்ப வருத்தமாக இருந்தது. இருந்தாலும் அன்று இரவு இடுப்பு வரை மட்டுமே இருந்த பாதி மேட்டில், கால் இரண்டையும் பையின் மேல் நீட்டிக்கொண்டு, அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினான். பொய் இறங்கிப் போன பிறகு தரைகூட மெத்தையாகிவிடும் போலிருக்கிறது.

காலையில் கூடாரத்துக்கு வெளியே வந்தபோது பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக மேகம் கிடந்தது. இந்து ஒரு பாறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவன் போவதா வேண்டாமா என்று தயங்கி நிற்க, அவளே கூப்பிட்டாள். கொஞ்சம் எட்ட உட்காருங்கள் என்றாள். எட்டவே உட்கார்ந்தான்.

"கோவமுங்களா?" என்று கேட்டான்.

"எதுக்குக் கோவம்? நீங்க ஜீப்புல ஏறுன ஒடனே அண்ணன் மெசேஜ் போட்டுட்டான், பழக்கடை ஒண்ணு மேல ஏறி வருதுன்னு. மேட்டப் பிரிச்சதும் எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு."

"அப்பறம் ஏனுங்க அப்பவே கேக்கல?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா ஒரு பொய்க்காக இம்புட்டு மெனக்கெட்ட ஆள நான் பாத்ததில்ல. எது வரைக்கும் போவீகன்னு பாப்போமேன்னு விட்டுட்டேன்." அவள் உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். பீலா விட்டவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். மாட்டிக்கொண்டதும் ஒருத்தர் தவறாமல் அவள்மேல்தான் பாய்ந்திருக்கிறார்கள், ரோடு சரியில்லை, கூடாரம் சரியில்லை, குரங்கு சரியில்லை. நேற்றும் குரங்கு மரமேறியதும், இதோ இப்போது பாயப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

"பாயணும்னு உங்களுக்கும் வந்துச்சு, நான் பாத்தேன். முழுங்கிட்டுச் சிரிச்சீக" என்றாள்.

அப்படியானால் ஏன் பக்கத்திலேயே வரவில்லை, டீயைக்கூட வாங்கவில்லை என்று கேட்டான். இந்து கையுறைகளைக் கழற்றினாள். விரல்கள் பத்தும் சிவந்து தடித்திருந்தன, புறங்கையில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. அவன் பிறந்ததிலிருந்து பார்க்கிற தொழில், ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"மாம்பால் பட்டதுங்க இது" என்று பதறி எழுந்தான்.

"எந்திரிக்காதீக, அங்கயே இருங்க. உங்க மேட்டத் தொட்டதுதான், வெறும் வாசந்தான்னு நெனச்சுக் கறையத் தேச்சுப் பாத்துட்டேன். எனக்குச் சின்னதுலருந்து மாம்பழம் ஆகாது. தொட்டாத் தடிச்சுரும், தின்னா உதடு வீங்கிரும், வாசம் அடிச்சாலே கண்ணு எரியும்."

அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மூன்று சீசன். எத்தனை பெட்டி. பழம் எப்படி இருந்தது என்று ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறான், நன்றாக இருந்தது என்றுதான் அவளும் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அவள் சொன்னது மட்டும் என்னவாம் என்று கேட்டான். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, நன்றாக இருந்தது என்று விருந்தாளிகள் சொன்னதைத்தான் சொன்னேன் என்றாள் அவள், கொஞ்சமும் அசராமல்.

"பின்ன எதுக்குங்க வாங்குனீங்க, ஆகாத பழத்த?"

"பழம் யாரு கேட்டா?" இந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பெட்டி ஒண்ணுக்கு நாலு தடவை கூப்பிடுவீகல்ல. வந்துச்சா, ஒடையாம வந்துச்சா, பழுத்துச்சா, தீந்துச்சான்னு."

ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று, மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்த அந்தக் கேள்வி அவனுக்கு இப்போது மறந்துபோயிற்று. எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்றே தெரியவில்லை. எத்தனையோ காடுகளை அளந்த நாக்கு, ஒரு வார்த்தைக்கு வழியில்லாமல் கிடந்தது. இந்து கையுறையை மாட்டிக்கொண்டே எழுந்தாள்.

"ஆடியில எங்க வீட்ல முகூர்த்தம் வைக்க மாட்டாக. ஆவணியில வையுங்க. அதுக்குள்ள உங்க ஊருல கடைசி மாங்காயும் எறங்கியிரும்ல?"